முதியோர் கல்வியா, வளர்ந்தோர் கல்வியா? – ‘அடல்ட் எஜுகேஷன்’ சொல் விளக்கம்

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ‘முதியோர் கல்வியில் சேர்’ என்றால் அது சேருமா? 1978 அக்டோபர் 2இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய ‘அடல்ட் எஜுகேஷன்’ திட்டம் 15 முதல் 35 வயது வரையிலானவர்களுக்கானது. தமிழில் அதற்கு வழங்கிய பெயரோ முதியோர் கல்வித் திட்டம். ‘முது’ என்ற அடிக்கு முதிர்ச்சி என்ற பொருளும் உண்டு. முதுகலை என்கிறோமே, அதுபோல. ஆனால் இன்று முதியோர் என்றதும் நினைவுக்கு வருவது முதியோர் இல்லமும் உதவித்தொகையும்தான்.

பிறகு ‘வயது வந்தோர் கல்வி’ நிலைத்தது. வயது வந்தோர் வாக்குரிமை என்னும் சட்ட வழக்கின் சாயல் இது. வாக்குக்கு 18 வயது, இங்கே 15 என்பதால் அளவு பொருந்தவில்லை. பெண்பிள்ளையிடம் ‘வயதுக்கு வந்த’ என்றால் வீட்டில் பொருளே வேறு.

‘அடல்ட்’ லத்தீன் சொல். வளர்தலைக் குறிக்கும் ஒரே வினையின் நிகழ்கால எச்சத்திலிருந்து ‘அடலசென்ட்’ (வளர்கிறவர்), இறந்தகால எச்சத்திலிருந்து ‘அடல்ட்’ (வளர்ந்தவர்) வந்தன. ஆகவே வளர்ந்தோர் கல்வி என்பதே மூலத்துக்கு நெருக்கம். இலங்கைத் தமிழில் ‘வளர்ந்தோர்’ இயல்பான வழக்கு.

பெயர்க் குழப்பம் சேர்க்கையிலும் இடறும். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 15 வயது கடந்தும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது. அதன் இறுதித் தேர்வு வாசித்தல், எழுதுதல், எண்ணறிவுக்குத் தலா 50 என 150 மதிப்பெண். அந்தச் சான்றிதழ் பத்தாம் வகுப்புக்கு ஈடாகாது. ஒன்பதாவது வரை படித்தவரை அங்கே அனுப்புவது அவருடைய காலத்தை வீணாக்குவது.

அவருக்கு வேண்டியது, நாள்தோறும் வகுப்புக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுதும் திறந்தநிலைப் பள்ளி. 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் (NIOS) 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஒரு மொழியாவது அடங்க ஐந்து பாடங்கள். பதிவு ஐந்தாண்டு செல்லும். அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுதலாம். ஏற்கெனவே வேறு வாரியத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர், அங்கே தேர்ச்சி பெற்ற பாடங்களில் அதிகபட்சம் இரண்டின் மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ளலாம். பலர் சறுக்குவது இங்கேதான். மூன்றில் தேறி இரண்டில் தவறியவர், தேறிய மூன்றாவதையும் திரும்ப எழுதவேண்டி வரும். அவருக்குத் தமிழ்நாட்டின் துணைத்தேர்வே லாபம்; தவறிய இரண்டை மட்டும் எழுதினால் போதும். பிறந்த தேதியையும் பெயரின் எழுத்துகளையும் முந்தைய பள்ளிச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் விண்ணப்பியுங்கள். பின்னால் திருத்துவது பெரும்பாடு.

அரசுப் படிவத்தில் ‘வயது வந்தோர் கல்வி’ என்றே எழுதுங்கள். தமிழ்நாட்டின் பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககத்தின் பெயரிலும் அதுவே இருக்கிறது. பிள்ளையிடம் பேசும்போது ‘வளர்ந்தோர் கல்வி’ என்று சொல்லுங்கள்.