ஓவன் வாங்கும் முன் வீட்டுச் சுவரைப் பாருங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். தீபாவளி நோம்பி முடிந்த கொஞ்ச நாளில் ஓவன் பற்றிய அழைப்புகள் வரத் தொடங்கும். “புதுசுங்க, சரியாச் சூடாக மாட்டேங்குது”, “கேக் அடியில வேகவே இல்லைங்க”, “தொட்டா சுர்ருங்குதுங்க” என்பார்கள். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் இயந்திரத்தில் ஒரு குறையும் இருக்காது. அந்த வீட்டுச் சமையலுக்குப் பொருந்தாத வகையை வாங்கியிருப்பார்கள். இல்லையென்றால், அந்த இயந்திரத்தைத் தாங்காத பிளக்கில் மாட்டியிருப்பார்கள். இரண்டுமே பணம் கொடுப்பதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டியவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடையில் சோலோ, கிரில், கன்வெக்‌ஷன், ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில்லர்) என்று நான்கு பெயர் சொல்வார்கள். சோலோ என்பது வெறும் மைக்ரோவேவ். உள்ளே இருக்கும் மேக்னட்ரான் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைகளை உண்டாக்கும்; அந்த அலைகள் உணவில் இருக்கும் தண்ணீரின் மூலக்கூறுகளை உலுக்கிச் சூடாக்கும். உணவுக்குள் 2, 3 சென்டிமீட்டர் ஆழம்தான் அலை நன்றாகப் போகும். அதற்கும் உள்ளே இருப்பது, சூடு மெல்லப் பரவித்தான் சூடாக வேண்டும். ஒரு கிண்ணம் அரிசிம்பருப்பு சாதத்தை வைத்து எடுத்தால் ஓரம் கொதித்து நடுவில் சில்லென்று இருப்பது இதனால்தான். பாதியில் எடுத்துக் கிளறிவிட்டு, முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் மூடி வைத்தால் சரியாகிவிடும்.

சோலோவில் எதுவும் சிவக்காது, மொறுமொறுப்பும் வராது. தோசை ரப்பராகிவிடும், வடை நமுத்துப்போகும். ஆனால் காலை இட்லியின் மேல் தண்ணீர் தெளித்து, மூடி வைத்துச் சூடாக்கினால் புதிதாக அவித்ததுபோல் இருக்கும். சந்தகையும் அப்படித்தான். அப்பளம் எண்ணெய் இல்லாமல் பொரியும். கடலைக்காயை நடுவில் கிளறிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வறுக்கலாம். கிரில் மாடலில் மேலே ஒரு ஹீட்டர் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் அலைகளோடு ஒரு ஹீட்டரும் விசிறியும் இருக்கும். விசிறி சூடான காற்றை உள்ளே சுழற்றும். கேக், பிஸ்கட், சிக்கன் செய்யலாம். ஆனால் பெரும்பாலான மாடல்களில் அடியில் சூட்டுக் கம்பி கிடையாது. அதனால் பன், பிரெட், பீட்சா போல அடியிலிருந்து நல்ல சூடு கேட்கிற பண்டங்களில் மேலே நிறம் வந்தும் அடி வெளுத்தே இருக்கும். நான் மேலே சொன்ன கேக் புகாருக்கும் பல நேரம் இதுதான் காரணம். முன்சூடு செய்யாமல் மாவை வைத்துவிடுவது இன்னொரு காரணம். ஓடிஜியில் மைக்ரோவேவ் அலையே கிடையாது. மேலும் கீழும் சூட்டுக் கம்பிகள், ஒரு தெர்மோஸ்டாட், அவ்வளவுதான். பேக்கரி அடுப்பின் சின்ன வடிவம் அது. மீந்த சாம்பாரை அதில் சூடாக்கப் போனால் பொறுமை போய்விடும். பேக்கிங்குக்கு அது நல்ல பொருள்.

எனவே வாங்குவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் அடுப்பங்கரையைக் கவனியுங்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய், ஆளுக்கொரு நேரத்தில் வந்து சாப்பிடும் வீடா? ஒரு 20 லிட்டர் சோலோ போதும். இரவில் தனியாகச் சூடு பண்ணிச் சாப்பிடும் அப்புச்சி இருக்கும் வீட்டுக்கும் அதுதான். அதிலும் பட்டன் வரிசை வேண்டாம், இரண்டு திருகு உள்ள மாடலாகப் பாருங்கள். பெரியவர்களுக்குக் கண்ணாடி இல்லாமலே பிடிபட்டுவிடும். மகளோ மருமகளோ கேக் செய்து அக்கம்பக்கத்துக்கு விற்கும் எண்ணத்தில் இருந்தால் ஓடிஜி வாங்குங்கள், சூடாக்கத் தனியே ஒரு சோலோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தே ஒரு பெரிய கன்வெக்‌ஷன் மாடலின் விலைக்குள் வந்துவிடுவதுண்டு. எப்போதாவது ஒரு கேக், எப்போதாவது ஒரு முழுக்கோழி, மேடையில் இடமும் குறைவு என்றால் மட்டும் கன்வெக்‌ஷன் சரி. நூற்றுக்கணக்கில் ஆட்டோ குக் மெனு இருக்கிறது என்பதற்காக அதை வாங்கிவிட்டு, பால் சூடாக்க மட்டும் வைத்திருக்கும் வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அப்புறம் பாத்திரம். நம் வீடுகளில் டம்ளர் முதல் போசி வரை எல்லாம் எவர்சில்வர். மைக்ரோவேவில் அது ஆகாது. அலை உலோகத்தைத் துளைக்காது, திரும்பிவிடும். சோறு சரியாகச் சூடாகாது. கூர்முனையோ மெல்லிய ஓரமோ இருந்தால் பொறி பறக்கும். தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டும் இதே கதிதான். சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் கிண்ணங்கள், கோடு போடாத பீங்கான் பாத்திரங்கள் நாலைந்து வாங்கும் செலவையும் ஓவன் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். கன்வெக்‌ஷன் நிலையில் மட்டும் உலோகக் கேக் டின் வைக்கலாம். எந்தப் பட்டனில் ஓடுகிறது என்று பார்க்காமல் டின்னோடு மைக்ரோவேவை ஓட்டிவிடக் கூடாது. ஓட்டல் பார்சலில் வரும் மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். மெலமைன் தட்டும் வேண்டாம். குழந்தைக்குப் பால் புட்டியை இதில் சூடாக்கவே வேண்டாம் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறேன். வெளியே வெதுவெதுப்பாகத் தெரியும். உள்ளே ஓரிடத்தில் மட்டும் வாயைச் சுடும் சூடு இருக்கும்.

இனிச் சுவருக்கு வருகிறேன். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான்.

சோலோ ஓவன் அட்டைப்பெட்டியில் 800 வாட் என்று போட்டிருக்கும். அது உணவுக்குப் போகும் சக்தி. சுவரிலிருந்து அது இழுப்பது சுமார் 1,200 வாட். பின்பக்க ஸ்டிக்கரில் அந்த எண் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். கன்வெக்‌ஷன் ஓடும்போது 2,000 வாட்டையும் தாண்டும் மாடல்கள் உண்டு. நம் வீட்டுச் சின்ன பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். பெரிய பிளக் 16 ஆம்பியர். 3,680 வாட் வரை தாங்கும். கன்வெக்‌ஷனுக்கும் ஓடிஜிக்கும் 16 ஆம்பியர் பிளக் கட்டாயம். அதற்கு மெயின் பெட்டியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியும், கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் எம்சிபி சுவிட்ச் ஒன்று தனியாகவும் வர வேண்டும். பல பழைய வீடுகளில் மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே மெல்லிய கம்பியில் தொங்கும். பெரிய பின்னைச் சின்ன பிளக்கில் செருக ஒரு கன்வெர்ஷன் பிளக் கடையில் கிடைக்கிறது. தயவுசெய்து அதை ஓவனுக்கு வாங்காதீர்கள்.

பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டில் ஓவனிலிருந்து கருகல் வாடை வருகிறது என்று கூப்பிட்டார்கள். ஓவன் நன்றாகத்தான் இருந்தது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகி, கம்பியின் மேலுறை சுவரோடு ஒட்டியிருந்தது. அதற்கு மேலே ஜன்னல் திரை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அக்கா கேட்டது நினைவிருக்கிறது: “லைட் எரியுது, ஃபேன் ஓடுது, அப்புறம் இது மட்டும் எப்படிங்கண்ணா?” ஃபேன் இழுப்பது 75 வாட் என்று சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. அடுத்த வாரமே தனி லைன் இழுத்துவிட்டார்கள்.

எர்த் விஷயம் இதைவிட முக்கியம். மைக்ரோவேவின் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் ஒரு ஃபில்டர் இருக்கும். அதன் வழியே மிகச் சிறிய கசிவு எப்போதும் ஓவனின் வெளித் தகட்டுக்கு வரும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் தொடும்போது சுர்ரென்னும். “லேசாத்தானுங்க அடிக்குது, செருப்புப் போட்டுக்குவேன்” என்று சொல்லிவிட்டு விடக் கூடாது. உங்கள் பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கான எச்சரிக்கை அது. நாளைக்கு உள்ளே ஒரு கம்பி நைந்து தகட்டில் பட்டால், அதே தகட்டில் முழு 230 வோல்ட் நிற்கும்.

நம் பக்கம் மழை குறைந்த பூமி. பங்குனி, சித்திரையில் எர்த் குழி காய்ந்து, மண்ணில் ஈரமே இருக்காது. அந்த மாதங்களில் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் விடுங்கள். உங்கள் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, பிளக்கில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். அது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் காட்டுவதை ஒட்டியே இருக்க வேண்டும். சில இடங்களில் எர்த் குழியே தோண்டாமல், பிளக்குக்குள் நியூட்ரல் கம்பியை எர்த் பின்னோடு சேர்த்து முடிந்துவிடுகிறார்கள். இது உயிரோடு விளையாடுவது. நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால் ஓவன், ஃபிரிட்ஜ், கிரைண்டர் என்று அப்படி மாட்டிய எல்லாத் தகடுகளிலும் கரண்ட் ஏறிவிடும். மீட்டர் காட்டும் அளவை வைத்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மெயினில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீடு என்றால், ஓவனைத் தள்ளிப் போட்டு முதலில் அதை மாட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

தோட்டத்துச் சாளைகளில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்கும் இடங்கள் உண்டு. அப்போது மைக்ரோவேவின் சக்தியும் இறங்கிவிடும். டிவிக்கு வாங்கிய ஸ்டெபிலைசரில் இதை மாட்டக் கூடாது. ஓவன் இழுக்கும் அளவுக்கு மேல் தாங்கும் ஸ்டெபிலைசர் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் லைனிலும் வேண்டாம்.

கரண்ட் பில் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1,200 வாட் சோலோவில் 2 நிமிடம் பால் சூடாக்கினால் 0.04 யூனிட். தினமும் 15 நிமிடம் ஓடினாலும் இரண்டு மாதக் கணக்கில் 18 யூனிட்தான். 2,000 வாட் கன்வெக்‌ஷனை ஒரு மணி நேரம் ஓட்டினால் அதிகபட்சம் 2 யூனிட்.

கேன்சர் வருமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வருகிறது. மைக்ரோவேவ் அலை எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் வகை அல்ல. கதவைத் திறந்ததும் சுவிட்சுகள் அலையை நிறுத்திவிடும், உணவில் எதுவும் தங்காது. ஆனால் கதவு கோணிவிட்டால், கொக்கி உடைந்தால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வலைத்தகடு கிழிந்தால் அதைப் பயன்படுத்துவதை அன்றே நிறுத்துங்கள். திறந்த கதவின் மேல் பாத்திரம் வைப்பதும், குழந்தைகள் சாய்வதும் கீலைக் கெடுக்கும். நான் பயப்படச் சொல்வது உள்ளே இருக்கும் கெபாசிட்டரைப் பார்த்துத்தான். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே இருக்கலாம். வீடியோ பார்த்து ஸ்க்ரூவைக் கழற்றும் தம்பிகளிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், மைக்ரோவேவை மட்டும் திறக்காதீர்கள்.

மாடுலர் கிச்சன் செய்பவர்கள் ஓவனுக்கு அளவெடுத்த பெட்டிபோல் ஓர் அறை அடித்துவிடுகிறார்கள். காற்றுப் போக வழியில்லாமல் மேக்னட்ரான் சீக்கிரம் போய்விடும். கையேட்டில் பின்னாலும் பக்கத்திலும் மேலேயும் எவ்வளவு இடைவெளி என்று போட்டிருக்கும். ஆசாரியிடம் அதைக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். மேலே துணி போர்த்தாதீர்கள். பொருள் எதுவும் இல்லாமல் வெறுமனே ஓட்டாதீர்கள். உள்ளே வலது சுவரில் அட்டைபோல் தெரிவது மைக்கா தகடு. பெரும்பாலான மாடல்களில் அங்கேதான் இருக்கும். அதில் எண்ணெயும் மசாலாவும் தெறித்துக் கருகினால் பொறி பறக்கும். தகடு மலிவுதான், மாற்றிவிடலாம். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் செலவு மேக்னட்ரான் வரை போகும். கரப்பானும் பல்லியும் சூட்டைத் தேடி பின்பக்கத் துளை வழியாகப் போய் சர்க்யூட் போர்டில் சாவது நம் ஊரில் சாதாரணம். இரவில் ஓவனைச் சுற்றிச் சோற்றுப் பருக்கை கிடக்காமல் துடைத்து, சுவிட்சை அணைத்துவிட்டுப் படுங்கள். அதற்காகத் துளைகளை டேப் போட்டு அடைத்துவிடாதீர்கள்.

புதிய மைக்ரோவேவ் வந்த அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணாடி டம்ளரில் 200 மில்லி குழாய்த் தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு மரக்கரண்டியை நிறுத்தி, முழுச் சக்தியில் வையுங்கள். கரண்டி இல்லாவிட்டால் தண்ணீர் கொதிக்காமலே கொதிநிலையைத் தாண்டி, கை பட்டதும் பொங்கித் தெறிக்கக்கூடும். 800 வாட் ஓவனில் 2 நிமிடத்தை ஒட்டிக் கொதி வர வேண்டும். 4 நிமிடம் ஆகியும் வரவில்லையா? முதலில் அந்த நேரத்து வோல்டேஜை அளந்து பாருங்கள். அது 220-க்கு மேல் சரியாக இருந்தால், பில்லையும் வாரன்டி அட்டையையும் எடுத்துவைத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸுக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள்.