இந்தியாவில் வெளிவராத காரை முன்கூட்டியே இறக்குமதி செய்யலாமா? பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

ஜப்பானிலோ பிரிட்டனிலோ ஒரு பெர்ஃபார்மன்ஸ் கார் விற்பனைக்கு வந்து மாதங்கள் ஆகியிருக்கும். லாவெல் ரோடு ஷோரூமில் கேட்டால், "இன்னும் தேதி சொல்லல சார்" என்பார்கள். அல்சூர், பிரேசர் டவுன் பக்கம் கார் மேல் உயிரையே வைத்திருக்கும் நம் பிள்ளைகள் அடுத்துக் கேட்பது இதைத்தான்: நாமே இறக்கிக்கொண்டால் என்ன?

இறக்கலாம். கம்பெனி இந்தியாவில் அறிமுக விழா நடத்தியதா, விலை அறிவித்ததா என்று சுங்கத்துறை கேட்பதில்லை. அது கேட்பது வேறு. கார் எந்த நாட்டில் தயாரானது, இதற்கு முன் யார் பெயரிலாவது பதிவாகியிருக்கிறதா, ஸ்டியரிங் எந்தப் பக்கம், இந்தியச் சாலைக்கு ஏற்றது என்று சான்று இருக்கிறதா, வரி முழுதாகக் கட்டப்பட்டதா. பெரும்பாலான ஆசைகள் வரிக்கு வருமுன்பே, முதல் நான்கு கேள்விகளிலேயே நின்றுவிடும்.

வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இறக்குமதிக் கொள்கையில் "புதிய கார்" என்பதற்குக் கறாரான வரையறை இருக்கிறது. இறக்குமதிக்கு முன் அந்த வண்டி யாருக்கும் விற்கப்பட்டிருக்கவோ, குத்தகைக்கோ இரவலுக்கோ கொடுக்கப்பட்டிருக்கவோ கூடாது. எந்த நாட்டிலும் சாலை ஓட்டத்துக்குப் பதிவாகியிருக்கக் கூடாது. பொதுவாக, தயாரான நாட்டிலிருந்தே நேராக வர வேண்டும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும், முகப்பு விளக்கின் ஒளி இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு ஏற்றபடி விழ வேண்டும்.

துபாயில் இருக்கும் மச்சான் தன் பெயரில் வாங்கி, ஒரு மாதம் ஓட்டிவிட்டு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சட்டத்தின் கண்ணில் பழைய கார். பழைய காருக்கு விதிகள் இன்னும் கடுமை: தயாரித்து 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, வலப்பக்க ஸ்டியரிங் கட்டாயம், இறக்குவது மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே. அமீரகத்தில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால் அங்கே விற்பவை இடப்பக்க ஸ்டியரிங் கார்கள். அமெரிக்கா, ஜெர்மனியிலும் அப்படித்தான்.

"ஸ்டியரிங்கை மாற்றித் தருகிறோம்" என்று சொல்லும் ஆட்களை நம்ப வேண்டாம். 2025-ல் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் ஹைதராபாதைச் சேர்ந்த ஒரு கார் வியாபாரியைக் கைது செய்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வாங்கிய சொகுசுக் கார்களை துபாய் அல்லது இலங்கைக்குக் கொண்டுபோய், ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றி, விலையைப் பாதிவரை குறைத்துக் காட்டி இறக்கினார் என்பது வழக்கு. வரி இழப்பு சுமார் ரூ. 25 கோடி என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

அடுத்தது சான்று. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 126-ஆம் விதிப்படி, இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு மாடலும் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட் போன்ற அமைப்புகளில் சோதனையாகி ஒப்புதல் பெற வேண்டும். ஒரே ஒரு காருக்காகத் தனி ஆள் இதைச் செய்வது நடைமுறையில் கட்டுப்படியாகாது. 2018-ல் மத்திய அரசு ஒரு தளர்வு கொடுத்தது. ஐரோப்பிய அல்லது ஜப்பானியத் தரத்துக்கு ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற வலப்பக்க ஸ்டியரிங் கார்களை ஆண்டுக்கு 2,500 வரை இந்திய ஒப்புதல் சோதனை இல்லாமல் கொண்டுவரலாம். ஆனால் இந்தச் சலுகை தயாரிப்பாளருக்கும் அவருடைய அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கும்தான். உங்களுக்கோ எனக்கோ அல்ல.

இந்தச் சலுகையின் பலனைக் கண்ணெதிரே பார்த்தோம். பல ஆண்டு ஏக்கத்துக்குப் பிறகு 2025 மே மாதம் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ முழுக் காராக இறக்குமதியாகி சுமார் ரூ. 53 லட்சத்துக்கு வந்தது. முதல் தொகுதியின் 150 கார்களும் விலை சொல்வதற்கு முன்பே முன்பதிவாகிவிட்டன. அதனால் என் யோசனை: விரும்பும் கார் இந்தியாவில் கடை வைத்திருக்கும் கம்பெனியுடையது என்றால், இடைத்தரகரிடம் போகுமுன் அந்தக் கம்பெனியிடமே உங்கள் ஆர்வத்தை எழுத்தில் பதிவு செய்யுங்கள். முன்கூட்டிக் கார் கிடைக்க நேர்வழி அதுதான். வாரண்டியும் உதிரிபாகமும் கூடவே வரும்.

அப்படியும் தனியாக இறக்குவேன் என்பவர்கள் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். காரின் விலை, கப்பல் கூலி, காப்பீடு மூன்றும் சேர்ந்து 40,000 டாலருக்கு மேல் போனால் அடிப்படைச் சுங்கவரி 70%, அதன் மேல் வேளாண் உள்கட்டமைப்பு வரி 40%, ஆக 110%. 2025 பட்ஜெட்டில் "சுங்கவரி 100-லிருந்து 70 ஆகக் குறைந்தது" என்ற தலைப்பைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் பலர். பெயர்தான் மாறியது, மொத்தச் சுமை மாறவில்லை. பழைய கார் என்றால் மொத்தம் 137.5%. சுங்கவரியும் சேர்ந்த தொகையின் மேல் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு அது 40%.

ரூ. 50 லட்சத்துக்கு இறங்கும் கார் என்று வைப்போம். சுங்கம் 55 லட்சம், ஆக 1 கோடியே 5 லட்சம். அதில் 40% ஜிஎஸ்டி 42 லட்சம். மொத்தம் 1 கோடியே 47 லட்சம். கார் இன்னும் துறைமுகத்தில்தான் நிற்கிறது. பெங்களூரில் பதிவு செய்ய வந்தால் கர்நாடகத்தின் வாழ்நாள் வரி, ரூ. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 18%, அதன் மேல் செஸ். இன்னும் கால் கோடிக்கு மேல் தனியாக வேண்டும். நண்பர் பரிசாகக் கொடுத்தாலும் வரி உண்டு. மதிப்பை அதிகாரிகளே நிர்ணயிப்பார்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் குறுக்குவழி தேடுகிறார்கள். அவற்றில் அதிகம் பேசப்படுவது கார்னெட். இது சுற்றுலா வருபவரின் காருக்கான தற்காலிக அனுமதிச் சீட்டு. பொதுவாக 6 மாதம், பிறகு கார் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். 2022-ல் வந்த தனி விதிகளின்படி அப்படி வரும் வெளிநாட்டுக் கார் செல்லுபடியாகும் பதிவுச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம், புகைச் சான்று எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும். உள்ளூர்ப் பயணிகளையோ சரக்கையோ ஏற்றக்கூடாது. கார்னெட் காரை இங்கே விற்பவரிடம் வாங்கினால், வரி கட்டாத காரை வாங்குகிறீர்கள் என்றே பொருள்.

தூதரக அதிகாரிகளின் வரிவிலக்கைப் பயன்படுத்தி 20-க்கும் மேற்பட்ட கார்களைக் கொண்டுவந்த கும்பலை 2021-ல் "ஆபரேஷன் மான்டே கார்லோ" என்ற பெயரில் பிடித்தார்கள். பூட்டானிலிருந்து கடத்தி, போலி ஆவணங்களோடு இங்கே பதிவு செய்யப்பட்டவை என்ற புகாரில் 2025 செப்டம்பரில் கேரளத்தில் "ஆபரேஷன் நும்கோர்" நடந்தது. அதில் சுங்கத்துறை கார்களைத் தேடிப்போனது, அப்போது அவற்றை வைத்திருந்தவர்களின் வீட்டுக்கு. கடத்தியவர் யாராக இருந்தாலும் பறிமுதலாவது கார்தான். நல்ல மனதோடு வாங்கினேன் என்று சொல்லி வண்டியை எளிதில் மீட்க முடியாது. மறைத்தல், பொய்த் தகவல் இருந்தால் 5 ஆண்டுகள் வரை பின்னோக்கி வரி கேட்கச் சுங்கச் சட்டம் இடம் தருகிறது.

நேர்மையான தனி வழி ஒன்று உண்டு. வெளிநாட்டில் தொடர்ந்து 2 ஆண்டு இருந்து நிரந்தரமாகத் திரும்புபவர் தன் காரைக் கொண்டுவரலாம். ஆனால் அந்தக் கார் அங்கே குறைந்தது 1 ஆண்டு அவர் வசம் இருந்திருக்க வேண்டும். வரியும் முழுதாகக் கட்ட வேண்டும். ஆகவே நேற்று வெளியான காருக்கு இது பயன்படாது. லண்டனிலிருந்து திரும்பும் ஐடி குடும்பங்களுக்கு உதவலாம்; கலிஃபோர்னியாவிலிருந்து திரும்புபவருக்கு ஸ்டியரிங் குறுக்கே நிற்கும்.

கர்நாடக வரியைத் தவிர்க்க வேறு மாநிலத்தில் பதிவு செய்து இங்கே ஓட்டும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் பெங்களூர் போக்குவரத்து அதிகாரிகள் இப்படிப்பட்ட 30 சொகுசுக் கார்களைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் மகாராஷ்டிரப் பதிவு எண் கொண்ட ஒரு ஃபெராரியின் உரிமையாளர் அபராதத்தோடு ரூ. 1.4 கோடி அளவில் கட்டினார்.

யாரோ இறக்கிய காரை நீங்கள் வாங்குவதாக இருந்தால், முன்பணம் கொடுக்குமுன் பில் ஆஃப் என்ட்ரியின் (இறக்கும்போது சுங்கத்தில் தாக்கல் செய்த ஆவணத்தின்) நகலைக் கேளுங்கள். அதில் உள்ள சேஸிஸ் எண், என்ஜின் எண், தயாரான ஆண்டு மூன்றையும் வண்டியில் பொறித்திருப்பதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். வரி கட்டிய சலான், இறக்குமதியாளர் பெயர், ஆர்.சி.யில் உள்ள முதல் உரிமையாளர் பெயர் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரு சுங்கத் தரகரிடம் கட்டணம் கொடுத்து அந்த பில்லைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நகல் தரத் தயங்கும் விற்பவரிடம் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.