காலுக்குள்ள புது சானல் வெட்ட முடியுமா?

எங்க மாமாவுக்கு கொட்டாரம் பக்கம் வயலு. கொஞ்ச நாளா வரப்புல நாலு எட்டு நடந்தா கெண்டக்காலு பிடிச்சு இழுக்கும், நின்னா சரியாயிரும், திரும்ப நடந்தா திரும்ப இழுக்கும். வாயுன்னு தைலத்த தேச்சுட்டே இருந்தாரு, பீடிய மட்டும் விடல. கடைசில ஸ்கேன் எடுத்தா தொடைல ரத்தக்குழாய் அடைப்பு. வீட்டுக்கு வந்ததும் கேட்டாரு, "மக்ளே, பேச்சிப்பாறை அணைத் தண்ணி கடைசி வயலு இருக்கிற கடைவரம்புக்கு வரலன்னா வேற வழியா வெட்டி விடுவோம்லா, அதுமாதி காலுல வெட்ட முடியாதா?"

உடம்பே வெட்டும் மாமா. செல்லுக்குள்ள எச்ஐஎஃப்னு ஒரு புரதம் உண்டாகிட்டே இருக்கும், ஆக்சிஜன் இருக்கிற வர அழிஞ்சுட்டும் இருக்கும். ஆக்சிஜன் குறைஞ்சா அழியாம நின்னு விஇஜிஎஃப்ங்கிற வளர்ச்சிக் காரணிய சுரக்க வைக்கும் (செல்லு ஆக்சிஜன எப்படி உணருதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2019ல மருத்துவ நோபல்). அது பக்கத்து ரத்தக்குழாய் சுவர்ல போய் தட்டுனா ஒரு செல்லு மட்டும் முன்னால கிளம்பும், பக்கத்து செல்லுட்ட "நீ பின்னால வா, போதும்"னு சிக்னல் குடுக்கும், மத்ததெல்லாம் பெருகி பின்னாடியே வரும், அப்படியே குழாயாயிரும்.

அப்ப விஇஜிஎஃப்ப ஊசியா போட்டா போதும்லான்னு தோணும். 1990கள்ல அமெரிக்காவுல ஜெஃப்ரி இஸ்னர்னு டாக்டர் அதோட ஜீனையே ஒரு நோயாளி காலுக்கு குடுத்தாரு. புதுக் குழாய் வந்துச்சு, கூடவே காலும் வீங்கிச்சு. அந்த வீக்கத்துலதான் விஷயமே இருக்கு. 1983ல இந்தப் புரதத்துக்கு மொதல்ல வச்ச பேரே ரத்தக்குழாய கசிய விடுற காரணிங்கிற அர்த்தத்துலதான். கரை கட்டாத சானல்ல தண்ணி விட்டா என்னாகும், பாதி மண்ணுல ஊறி, கரையும் இடிஞ்சிரும். குழாய்க்கு கரை கட்டுறது பெரிசைட்டுன்னு வேற செல்லு, அத கூப்பிடுறது பிடிஜிஎஃப்னு வேற காரணி, கசிவ அடைக்க இன்னொண்ணு. கொத்தனார விட்டுட்டு மம்பட்டிக்காரன மட்டும் கூப்பிட்ட கதைதான்.

பெரிய சோதனைல எல்லாம் சறுக்கல். குழாய் வளர்க்குற இன்னொரு காரணியான எஃப்ஜிஎஃப்போட ஜீன 525 பேர்ட்ட சோதிச்சு 2011ல முடிவு வந்துச்சு, காலை எடுக்குறதும் சாவும் குறையல. ஜப்பான்ல 2019ல அதே வகைல எச்ஜிஎஃப்னு வேற காரணியோட ஜீன் மருந்துக்கு நிபந்தனையோட அனுமதி குடுத்தாங்க, அதுவும் நிக்கல.

எனக்கு படுறது, கடைவரம்புல எத்தன ஓடை வெட்டுனாலும் மேல மெயின் சானல்ல தண்ணி இல்லன்னா என்ன பிரயோஜனம்? விஇஜிஎஃப் முக்கியமா முளைக்க வைக்குறது முடி மாதிரி நுண்குழாய. மாமாவுக்கு வேண்டியது அடைப்ப சுத்திப் போற பக்கக்குழாய் அகலமாகுறது. அத செய்யுறது ஓட்டத்தோட வேகம், வேகமா ரத்தம் உரசிப்போனா சுவரு தன்னால விரியும்.

டாக்டர் சொன்ன வைத்தியமும் அதுக்கு ஒத்துத்தான் போவுது, வலி வர்ற வர நட, நில்லு, திரும்ப நட. நடந்தா தசையும் இருக்கிற ஆக்சிஜன வச்சு சமாளிக்க பழகும். இப்ப சானல்கரைல டெய்லி நடக்காரு, மொதல்ல ரெண்டாவது மடைலயே உக்காருவாரு, இப்ப அஞ்சாவது வர போறாரு. பீடி பாதியா கொறஞ்சிருக்கு, அது முழுசா போகணும்னு அத்தை தினமும் சண்டை.