எந்த எஸ். சந்திரசேகர்?

நூலகத்தில் நூற்பட்டியல் தயாரிப்பது என் வேலை. ஒரே பெயரில் இரண்டு ஆசிரியர்கள் வருவது அங்கே சகஜம், பெரும்பாலும் அதனால் தொந்தரவும் இல்லை. ஃபிரான்சிஸ் பேக்கன் என்ற தத்துவ அறிஞர் 1626-இல் இறந்தார். அதே பெயர் கொண்ட ஓவியர் பிறந்தது 1909-இல். இவர்களைக் குழப்பிக்கொள்ளத் தனித் திறமை வேண்டும்.

துறையும் காலமும் ஒட்டி வந்தால்தான் வம்பு. எஸ். சந்திரசேகர் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். விண்மீன்கள் பற்றிய ஆய்வுக்காக 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் ஒருவர். 1977-இல் தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன திரவப் படிகங்களைக் கண்டறிந்த சிவராமகிருஷ்ண சந்திரசேகர் இன்னொருவர். இருவரும் இயற்பியலாளர்கள், இருவருமே லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள். சர் சி.வி. ராமன் முன்னவருக்குச் சித்தப்பா, பின்னவருக்குத் தாய்மாமா! போதாததற்கு, 1967-இல் மத்திய அமைச்சராக இருந்த மக்கள்தொகை அறிஞர் ஸ்ரீபதி சந்திரசேகரும் எஸ். சந்திரசேகர்தான்.

பெயர் பொருந்துகிறது, இனிஷியல் பொருந்துகிறது, துறையும் சரி என்றதும் நாம் திருப்தியாகிவிடுகிறோம். இங்கே அந்த மூன்றும் இரண்டு பேருக்குமே பொருந்தும். 'ராமனின் உறவினர்' என்று கூடுதலாக ஒரு தகவல் கிடைத்தாலும் பயன் இல்லை. அதனால் நாங்கள் முதலில் தேடுவது பிறந்த ஆண்டு: 1910-ஆ, 1930-ஆ? அப்புறம் தலைப்புப் பக்கத்தில் உள்ள முழுப்பெயர், பணிபுரிந்த நிறுவனம். இணையத்தில் தேடியதும் முதலில் வரும் படத்தை நான் ஆதாரமாகவே எடுப்பதில்லை. ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்புக்கு மேல் இன்னொருவர் முகம் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். கபிலர் இருக்க, தொல்கபிலர் என்று வேறொருவரைப் பிரித்துக் காட்டினார்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று ஊர், தந்தை எல்லாம் சேர்த்து எழுதினார்கள். ஔவையாருக்கு அப்படி எதுவும் ஒட்டவில்லை. விளைவு, அதியமானைப் பாடிய ஔவையும் பல நூற்றாண்டுகள் கழித்து ஆத்திசூடி எழுதிய ஔவையும் பலர் மனதில் ஒரே பாட்டி.

எழுதுகிறவர்களே முந்திக்கொள்வது இன்னும் நல்லது. வின்ஸ்டன் சர்ச்சில் என்று அமெரிக்காவில் ஒரு நாவலாசிரியர் இருந்தார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சர்ச்சில் 1899-இல் அவருக்குக் கடிதம் எழுதி, தன் நூல்களில் வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்று போட்டுக்கொள்வதாகச் சொன்னார். இன்றைய ஆய்வாளர்களுக்கு 2012 முதல் ஆர்சிட் என்ற 16 இலக்க அடையாள எண் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே வாங்கிவிடுங்கள். எல்லாக் கட்டுரைகளிலும் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள், முடிந்தால் இனிஷியலை விரித்து.

ஒரே ஆளா, இரண்டு பேரா என்று தெரியாவிட்டால் இரண்டாகவே விட்டுவிடுவது எங்கள் பழக்கம். இரண்டு பதிவுகளைப் பின்னால் சேர்ப்பது சில நிமிட வேலை. தவறாகச் சேர்த்ததைப் பிரிக்க வேண்டுமென்றால் அந்தப் பெயரில் உள்ள ஒவ்வொரு நூலையும் மறுபடி கையில் எடுக்க வேண்டும்.