மக்கும் தட்டு எந்தக் குழியில் மக்கும்?

மக்கும் டப்பா வாங்கும் முன், சாப்பிட்டு முடித்தபின் அது எங்கே போய்ச் சேரும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கழிவை மட்கவைத்து உரமாக்கும் ஆலையில் சில மாதங்களில் மட்கிவிடும் அதே கப், வீட்டு உரத்தொட்டியில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கலாம்.

காரணம் சூடு: ஆலையில் அது அதிகம், வீட்டுத் தொட்டியில் குறைவு. கண்ணாடி போலத் தெளிந்த மக்கும் கப்புகள் பெரும்பாலும் பிஎல்ஏ எனப்படும் பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனவை. சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையை நொதிக்கவைத்து எடுக்கும் லாக்டிக் அமிலத்திலிருந்து நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை உருவாக்குகிறார்கள். அவ்வளவு நீளமான சங்கிலியை நுண்ணுயிர்களால் எளிதில் செரிக்க முடியாது. முதலில் தண்ணீர் உள்ளே புகுந்து அதைத் துண்டு துண்டாக அறுக்க வேண்டும். ஏறத்தாழ 55–60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பிஎல்ஏ விறைத்தே இருக்கும். அறுபடும் வேலை மிக மெதுவாக நடக்கும். அந்தச் சூட்டைத் தாண்டினால் சங்கிலிகள் தளர்ந்து அசையும், தண்ணீர் சுலபமாகப் புகும். பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் அதன்பிறகுதான் தீனி கிடைக்கிறது. சாதாரண பிஎல்ஏ கப்பில் கொதிக்கும் தேநீரை ஊற்றினால் கப் தொய்ந்துபோவதும் இதே குணத்தால்தான். சூடான உணவுக்குப் படிகமாக்கிய பிஎல்ஏ உண்டு. ஏறக்குறைய 85 டிகிரி வரை தாங்கும்.

ஆகவே உறையில் ‘இயற்கையானது’, ‘சிதையக்கூடியது’ என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். தர எண்ணைத் தேடுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 13432-இன்படி, 12 வாரத்தில் பொருளின் எடையில் 90 சதவீதமாவது 2 மி.மீ. சல்லடையில் விழுமளவு நொறுங்க வேண்டும். 6 மாதத்துக்குள் 90 சதவீதம் உயிரிச் சிதைவு, அதாவது நுண்ணுயிர்களால் சிதைவது, நடந்திருக்க வேண்டும். கன உலோகங்களுக்கு வரம்பு உண்டு, கிடைக்கும் உரத்தில் செடி வளர்த்தும் பார்ப்பார்கள். ஆனால் இது ஆலைச் சூட்டுக்கான தரம். வீட்டுத் தொட்டிக்கு வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 5810, பிரான்ஸின் என்எஃப் டி51-800 போன்றவற்றைப் பாருங்கள். அவற்றில் 20–30 டிகிரியில் 12 மாதம்வரை சோதிக்கிறார்கள். ரசாயனம் கலந்து நொறுங்கவைக்கும் ‘ஆக்ஸோ’ பிளாஸ்டிக்கை அடியோடு தவிர்க்க வேண்டும். அது நுண்துகளாக உடைந்து மண்ணிலேயே தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் அதைத் தடைசெய்துவிட்டது.

ஆலை வசதி இல்லாத இடத்தில் கரும்புச் சக்கைத் தட்டு, பாக்குமட்டை, பூச்சில்லாத காகிதம்தான் எங்கள் பரிந்துரை. சக்கைத் தட்டிலும் ஒரு கண்ணி உண்டு: எண்ணெய் ஊறாமலிருக்கச் சிலவற்றில் ஃபுளோரின் சேர்மங்களைக் கலக்கிறார்கள். இவை மட்கவே மட்காது, உரத்தோடு மண்ணுக்குப் போய்விடும். தட்டில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டுப் பாருங்கள். பரவாமல் முத்தாகத் திரண்டு நின்றால் சந்தேகப்படலாம். ஃபுளோரின் சேர்க்கவில்லை என்ற ஆய்வக அறிக்கையை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். காகிதக் கப்பை ஒருநாள் ஊறவைத்துக் கிழித்தால் உள்ளே மெல்லிய படலம் உரிந்து வரும். அது பாலித்தீனா பிஎல்ஏவா என்று கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கேயும் சான்றிதழ்தான் துணை.

வீட்டில் மட்கவைக்கும்போது தட்டுகளை அடுக்காகவே போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அடுக்குக்கு நடுவே காற்று புகாது. வெளித்தட்டு காய்ந்து கிடக்க, உள்தட்டுகள் ஒட்டிக்கொண்டு நாறும். உள்ளங்கைக்குள் அடங்கும் துண்டுகளாகக் கிழித்து, ஊறவைத்து, காய்கறிக் கழிவோடு கலந்து போடுங்கள். தட்டில் கரிமம் அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. குவியலில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கரிமம் 25–30 பங்கு இருக்க வேண்டும். தட்டு கூடிப்போனால் குவியல் சூடேறாது, அப்போது பச்சைக் கழிவைக் கூட்டுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரும் ஈரம் போதும். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

எல்லாம் குப்பைமேட்டுக்கே போகும் ஊரானால் கணக்கு மாறுகிறது. அங்கே பிஎல்ஏ அநேகமாக மாறாமல் கிடக்கும். சக்கையும் காகிதமும் காற்றில்லாமல் அழுகி மீத்தேனை வெளியிடும். மறுசுழற்சித் தொட்டியிலும் பிஎல்ஏவைப் போடக் கூடாது. தண்ணீர், குளிர்பானம் வரும் பெட் பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்க 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், பிஎல்ஏ அதற்கு வெகு முன்பே உருகிச் சிதைந்து முழுத் தொகுதியையும் கெடுக்கும். இப்படிப்பட்ட ஊரில் உணவகம் நடத்தினால், உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்குக் கழுவி எடுக்கும் தட்டையே கொடுங்கள். பார்சலுக்குத் திருப்பி வாங்கிக்கொள்ளும் டப்பா முறையை முயன்று பாருங்கள்.