கெடு தாண்டிய ரிட்டர்ன்: பிடித்த வரியைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது

வைப்புத்தொகை வட்டியில் வங்கி முன்கூட்டியே பிடித்த வரி (டிடிஎஸ்), பணி ஓய்வுபெற்ற வருடம் பிடித்த வரி, இவை திரும்ப வர வேண்டுமானால் வருமான வரிக் கணக்கு, அதாவது ரிட்டர்ன் போட வேண்டும். சம்பளக்காரருக்கும் ஓய்வூதியருக்கும் ஜூலை 31 கெடு. அதை விட்டால் தாமதக் கட்டணத்தோடு டிசம்பர் 31 வரை போடலாம். அந்த வருடம் பார்த்து வீட்டில் ஒரு சாவு, ஒரு பெரிய ஆபரேஷன் என்று வந்தால் இரண்டு தேதியும் கைநழுவிவிடும். அப்புறம் யாரைக் கேட்டாலும் “டைம் பார் ஆயிடுச்சு, போனது போனதுதான்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதை நம்பி, தங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை அப்படியே விட்டுவிட்ட வயதானவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

1961 வருமான வரிச் சட்டத்தின் 119(2)(பி) பிரிவு, உண்மையான இடர்ப்பாடு இருந்தால் தாமதத்தை மன்னித்து ரிட்டர்னை ஏற்கலாம் என்கிறது. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2024 அக்டோபர் 1 தேதியிட்ட 11/2024 சுற்றறிக்கைப்படி, 1 கோடி ரூபாய் வரையிலான ரீஃபண்ட் (பிடித்த வரியைத் திரும்பக் கேட்கும்) கோரிக்கையை முதன்மை ஆணையரோ ஆணையரோ முடிவு செய்யலாம். அதாவது சாதாரண மனிதர் எவருடைய மனுவும் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தாலும், பழைய வருடங்களுக்குப் பழைய சட்டம்தான். பின்னணி இவ்வளவு போதும்.

முதலில் பார்க்க வேண்டியது வருடக் கணக்கு. மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஐந்து வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். முன்பு ஆறு வருடமாக இருந்தது. இன்னமும் ஆறு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம். 2021-22 நிதியாண்டின் வருமானம் என்றால் மதிப்பீட்டு ஆண்டு 2022-23. அது முடிவது 2023 மார்ச் 31. ஆகவே கடைசி நாள் 2028 மார்ச் 31. அந்தக் கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள். ஐந்து வருடம் இருக்கிறதே என்று சும்மா இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் மனுவில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது, ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ என்னும் பொறி. ரிட்டர்ன் போட்டுத்தரும் கடைகளில் “நாலு வருஷம் வரைக்கும் போடலாம் சார்” என்பார்கள். போடலாம், ஆனால் கூடுதல் வரி கட்டுவதற்கு மட்டும்தான். ரீஃபண்ட் கேட்க அதைப் பயன்படுத்தவே முடியாது. இதற்குக் காசு கொடுத்து ஏமாந்தவர்கள் அநேகம்.

மனுவை வருமான வரி இணையதளத்தில் ‘சர்வீசஸ்’ பகுதிக்குள் இருக்கும் ‘கண்டோனேஷன் ரிக்வெஸ்ட்’ (தாமத மன்னிப்பு மனு) வழியாகப் போடலாம். அங்கே ரிட்டர்னே போடாதவருக்கு ஒரு வகை, ரிட்டர்ன் போட்டுச் சரிபார்ப்பை விட்டவருக்கு வேறு வகை. மாற்றித் தேர்ந்தெடுத்தால் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு அப்படியே திரும்பி வரும்.

அதற்கு முன்னால் அதே இணையதளத்தின் ‘நோ யுவர் ஏஓ’ (உங்கள் மதிப்பீட்டு அதிகாரி யார்) பக்கத்தில் உங்கள் பான் எந்த வார்டில், அதாவது எந்த வரி அலுவலகப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள். பலருடைய பான் இருபது வருடத்துக்கு முன் வேலை பார்த்த ஊரிலேயே இருக்கும். இப்போது இருக்கும் ஊர் அலுவலகத்தில் “உங்க ஃபைல் இங்க இல்லை” என்பார்கள். பழைய ஊருக்குப் போனால் “முகவரி மாறிடுச்சே, அங்கதான் கேட்கணும்” என்பார்கள். இந்தப் பந்தாட்டத்தில் வயதானவர்கள் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். வாய்மொழியாகக் கேட்டு அலையாதீர்கள். பான் எந்த வார்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த வார்டுக்கு மேலுள்ள ஆணையருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வார்டு அதிகாரி “எனக்கு அதிகாரம் இல்லை” என்றால் அது உண்மைதான். மன்னிக்கும் அதிகாரம் ஆணையருடையது. ஆனால் ஆணையர் கேட்டால் அறிக்கை எழுத வேண்டியவர் அவர்தான். பல மனுக்கள் தூங்குவது அந்த அறிக்கைக்காகத்தான்.

இனி மனுவின் வாசகம். தள்ளுபடியாவது பெரும்பாலும் இங்கேதான். “உடல்நிலை சரியில்லாத காரணத்தால் உரிய காலத்தில் தாக்கல் செய்ய இயலவில்லை, கருணையோடு மன்னிக்க வேண்டுகிறேன்” என்று ஒரே வரியில் எழுதுவார்கள். அதற்கு ஒரே வரியில் பதில் வரும். அதிகாரி பார்க்க வேண்டியவை இரண்டு: கெடுவுக்குள் போட முடியாமல் தடுத்த நியாயமான காரணம் என்ன, இப்போது மறுத்தால் உங்களுக்கு உண்மையான இடர்ப்பாடு உண்டா. நம்மவர்கள் முதலாவதை மட்டும், அதையும் பாதியாக எழுதுகிறார்கள்.

இப்படி எழுதுங்கள்: 2022 ஜூன் 12-இல் பக்கவாதம், ஜூலை 20 வரை உள்நோயாளி, 2023 மார்ச் வரை பிசியோதெரபி, வலது கையால் எழுத முடியாத நிலை, ஏப்ரலில்தான் வரி பிடித்த விவரம் 26ஏஎஸ் படிவத்தில் தெரிந்தது, மே மாதம் மனு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காகிதம்: டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவர் சான்று, மருந்து பில். காரணம் முடிந்த நாளுக்கும் மனு கொடுத்த நாளுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

இரண்டாவது பாதிக்கு, பிடித்த தொகை எவ்வளவு, உங்கள் வருட வருமானம் எவ்வளவு, அந்தப் பணம் இல்லாமல் எது நிற்கிறது என்று எழுதுங்கள். தாமதத்தால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை என்பதையும் சேருங்கள். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் கேட்பதை இயந்திரத்தனமாகச் செய்யக்கூடாது என்று 1987-இலேயே உச்ச நீதிமன்றம் அனந்தநாக் நில எடுப்பு வழக்கில் சொல்லிவிட்டது. அதை மனுவில் ஒரு வரி குறிப்பிடலாம். “சட்டம் தெரியாது” என்று மட்டும் எழுதாதீர்கள். தவறு ஆடிட்டருடையது என்றால் அவரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள். அது இல்லாத புகாரை யாரும் கேட்க மாட்டார்கள்.

இறந்தவரின் பணத்தைக் கேட்பவர்கள் முதலில் இணையதளத்தில் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தேவை. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதற்கு இன்றே விண்ணப்பியுங்கள்.

மனு பெற்ற மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று சுற்றறிக்கையே சொல்கிறது. நடப்பது வேறு. நான்கு மாதத்துக்கு மேல் சத்தமே இல்லையென்றால் 10 ரூபாய் கட்டி, ‘என் மனு இன்று யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது’ என்று ஆர்டிஐ போடுங்கள். அவர்கள் 30 நாளில் பதில் தர வேண்டும். நேரில் விசாரிக்கும்படி மனுவிலேயே கேட்டுவையுங்கள். மறுத்தால் மேல்முறையீடு கிடையாது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மட்டும்தான். விசாரிக்காமலே தள்ளிய உத்தரவுகளை நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. சின்னத் தொகைக்கு அங்கே போக முடியாதவர்கள்தான் அதிகம், அதனால் முதல் மனுவிலேயே எல்லாவற்றையும் வைத்துவிடுங்கள்.

அனுமதி வந்தால் பணம் தானாக வராது. உத்தரவில் சொன்ன நாளுக்குள் ரிட்டர்ன் போட வேண்டும். அதில் 119(2)(பி) என்று தேர்ந்தெடுத்து, உத்தரவின் எண்ணையும் தேதியையும் இட வேண்டும். 30 நாளுக்குள் இ-வெரிஃபை (இணையவழிச் சரிபார்ப்பு) செய்யவில்லை என்றால் அந்தத் தாமதத்துக்கு இன்னொரு மன்னிப்பு மனு எழுத வேண்டி வரும். பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா, வங்கிக் கணக்கு இணையதளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இணைக்காத பானுக்கு ரீஃபண்ட் வராது. இத்தனை காலம் பணம் அரசிடம் இருந்தும், இப்படித் தாமதமாகக் கேட்ட ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது என்று சுற்றறிக்கை கறாராகச் சொல்கிறது. ஆகவே வட்டியையும் சேர்த்துக் கேட்டு மனுவைச் சிக்கலாக்க வேண்டாம், பிடித்த தொகையை மட்டும் கேளுங்கள்.