ஹெச்.பி.வி. முடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.க்கள்

ஹெச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வருவதில்லை. ஓரிரு ஆண்டுகளில் உடலே வைரஸை அடக்கிவிடும். சிலரிடம் மட்டும் அது தங்கிவிடுகிறது. அவர்களிலும் ஒரு பகுதியினருக்கே பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வருகிறது. யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா?

இந்தக் கேள்விக்கு உதவ வந்திருப்பவை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள். மரபணுவின் செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்து வர, அதைப் படித்துத்தான் செல் புரதம் செய்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வோ சுமார் 22 எழுத்து (அதாவது வேதி அலகு) நீளமே உள்ள துணுக்கு; அதிலிருந்து புரதம் உருவாவதில்லை. தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அதைப் படிக்கவிடாமல் தடுக்கும், அல்லது சிதைய வைக்கும். பெரும்பாலும் தொடக்கத்தில் உள்ள ஏழெட்டு எழுத்துகள் பொருந்தினாலே போதும் என்பதால், ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான மரபணுக்களை அடக்கி வைக்கிறது. 1993இல் விக்டர் ஆம்ப்ராஸும் கேரி ருவ்குனும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டறிந்தார்கள். 2024இல்தான் நோபல் பரிசு வந்தது.

சுமார் 70 சதவீதக் கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கு ஹெச்.பி.வி. 16, 18 ஆகிய இரு வகைகளே காரணம். இவற்றின் ஈ6 என்னும் புரதம், நம் செல்லிலுள்ள பி53 புரதத்தை அழிக்கச் செய்கிறது. டி.என்.ஏ. சேதமடைந்த செல்லைப் பெருகவிடாமல் நிறுத்துவது பி53. அது எப்படி நிறுத்துகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது: அதன் வழிகளில் ஒன்று மிர்-34ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வை நிறைய உருவாக்கச் செய்வது. செல் பிரிவதை முடுக்கும் சைக்ளின் டி1 போன்ற புரதங்களின் உற்பத்தியை மிர்-34ஏ குறைக்கும். பி53 அழிந்தால் மிர்-34ஏயும் குறையும். செல் பெருகிக்கொண்டே போகும். ஒரு புரதத்தை வீழ்த்தியே வைரஸ் ஒரு முழுக் கட்டுப்பாட்டு வலையை அறுத்துவிடுகிறது! எதிர்த்திசையில், கட்டிகளைத் தடுக்கும் மரபணுக்களை அடக்கும் மிர்-21 இந்தப் புற்றில் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும்.

குறைந்த மிர்-34ஏவை மருந்தாகத் திருப்பிக் கொடுத்தால் என்ன? வேறு சில புற்றுநோய்களில் முயன்றார்கள். கடுமையான நோய் எதிர்ப்புப் பக்கவிளைவுகளால் அந்தச் சோதனை 2016இல் நிறுத்தப்பட்டது.

எனக்கு நம்பிக்கை தருவது நோயைக் கண்டறியும் பக்கம்தான். மிர்-124 என்ற துணுக்கும் கட்டியைத் தடுப்பதே. கருப்பை வாய்ச் செல்கள் புற்றை நோக்கி நகரும்போது, அதை உருவாக்கும் மரபணுவின் மேல் மெத்தில் என்னும் வேதிக்குழுக்கள் ஒட்டி அதை மௌனமாக்குகின்றன. ஹெச்.பி.வி. பரிசோதனைக்கு எடுத்த அதே மாதிரியிலேயே இந்த மெத்தில் ஒட்டலையும் பார்த்துவிடலாம். வேறொரு மரபணுவோடு சேர்த்து இதை அளக்கும் பரிசோதனை ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. ஒட்டல் இல்லையென்றால் விரைவில் புற்று வரும் வாய்ப்பு மிகக் குறைவு. புற்றுக்கு முந்தைய மாற்றங்களுக்காகக் கருப்பை வாயின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் சிகிச்சை, பின்னாளில் குறைப்பிரசவ அபாயத்தைக் கூட்டக்கூடியது. குழந்தை பெற விரும்பும் இளம்பெண்ணுக்கு அதை உடனே செய்யாமல், கண்காணித்துக் காத்திருக்க மருத்துவருக்கு இது ஒரு பிடிமானம் தருகிறது.